மெஷின் இருக்கிறது, வாங்குபவர் எங்கே?

வந்த கடிதம்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 39. பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் 14 வருஷ சர்வீஸ். மெர்சண்டைசராக (ஆர்டரைக் கவனித்துக்கொள்பவர்) சேர்ந்தவர், இப்போது புரொடக்‌ஷன் மேனேஜர். சம்பளம் 42,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, அவருக்கு 14,000. இரண்டு பிள்ளைகள். வீட்டுக் கடனுக்கு மாதம் 13,500 போகிறது. வங்கியில் 1.9 லட்சம் சேமிப்பு இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது கம்பெனியில் ஓவர்டைம் நின்றது, இரண்டு லைனை மூடினார்கள். அப்போது பிடித்த பயம் இன்னும் விடவில்லை என்கிறார்.

அதனால் சொந்தமாகப் பத்து பவர் டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்) போட வேண்டும் என்று திட்டம். முதலில் ஏற்றுமதியாளர்களுக்கு ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குத் தைப்பது, அப்புறம் சொந்த பிராண்டில் குழந்தைகள் உடை. மொத்தம் 18 லட்சம். மனைவியின் 28 பவுனை அடகு வைப்பது, பி.எஃப். பணத்தை எடுப்பது, மீதிக்கு ஒரு நண்பரைப் பாதிக்குப் பாதி கூட்டாகச் சேர்த்துக்கொள்வது என்று கணக்கு. பிராண்டுக்குப் பெயர் வைத்து 4,500 ரூபாய்க்கு லோகோவும் வரைந்தாகிவிட்டது.

இடையில் கோவையில் 12,000 ரூபாய் கட்டி இரண்டு நாள் 'வெற்றி மனப்பான்மை' பயிற்சிக்குப் போயிருக்கிறார். திரும்பிப் போக வழி வைத்திருப்பவன் ஜெயிக்க மாட்டான், வேலையை விட்டால்தான் தொழில் புத்தியே வரும் என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னாராம். அடுத்த கட்டப் பயிற்சிக்கு 60,000. அதில் 5,000 முன்பணம் கட்டிவிட்டார். அப்பாவோ, "நம்ம குடும்பத்துல தொழில் பண்ணி யாரும் பொழைச்சதில்லை, நமக்கு அந்தப் புத்தி கிடையாது" என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி, தொழில் புத்தி பிறவியிலேயே வருவதா, 39 வயதில் அதை வளர்த்துக்கொள்ள முடியுமா, வேலையை எப்போது விடலாம்? இவைதான் கேள்விகள்.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், வேறு பேனாவில், நாலு வரி இருக்கிறது. மனைவியின் பள்ளியில் விளையாட்டு வகுப்புக்குக் கொடுக்கும் டீ-ஷர்ட் 340 ரூபாய். ஒரே துவைப்பில் சுருங்கிச் சாயம் போய்விடுகிறது என்று பெற்றோர் புலம்பினார்களாம். போன வருஷம் இவர் 60 டீ-ஷர்ட் தைத்துக் கொடுத்திருக்கிறார். அடக்கம் 165, விற்றது 180. இந்த வருஷம் 35 பேர் மறுபடி கேட்கிறார்கள். "இதெல்லாம் சில்லறை வேலை மேடம், விடுங்க" என்று முடிக்கிறார்.

என் பதில்

தம்பி, அதை எப்படி விடுவது? ஆறு பக்கத்தில் நான் பென்சிலால் கோடு போட்டது அந்த நாலு வரிக்கு மட்டும்தான்.

மற்ற பக்கங்களில் என்ன இருக்கிறது என்று திரும்பப் படித்துப் பாருங்கள். மெஷினின் கம்பெனி, மாடல், விலை எல்லாம் இருக்கிறது. ஷெட் வாடகையும் கரண்டு இணைப்பும் இருக்கிறது. லோகோ இருக்கிறது. வாங்குபவர் ஒருவர்கூட இல்லை. "திருப்பூரில் ஜாப் ஒர்க்குக்கு ஆள் கிடைக்காமல் அலைகிறார்கள், ஆர்டர் தானாக வரும்" என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள்.

நான் 26 வருஷம் வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் உட்கார்ந்தவள். ஒருமுறை எட்டு தையல் மெஷினுக்கு ஒருவருக்குக் கடன் கொடுத்தேன். அவர் கொண்டுவந்த திட்ட அறிக்கை போல அழகான அறிக்கையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. நாலு மாதம் கழித்து யூனிட்டைப் பார்க்கப் போனேன். எட்டில் ஐந்து மெஷினின் தலைமேல் கம்பெனி போர்த்தி அனுப்பிய பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. உறைக்குள் ஈரம் தங்கி ஊசியில் துரு ஏறியிருந்தது. அவர் சோம்பேறி இல்லை. காலையில் எட்டு மணிக்குக் கடையைத் திறந்து கூட்டித் தண்ணீர் தெளித்து உட்கார்ந்திருப்பார். ஆர்டர் தானாக வரும் என்றுதான் அவரும் காத்திருந்தார். அந்தக் கடனுக்குப் போட்ட கையெழுத்து என்னுடையது என்பதால் அந்த உறை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

புத்தி பிறவியா, பழக்கமா?

பழக்கம்தான். இதில் அப்பா சொல்வது சரியில்லை. பயிற்சி கொடுத்தவர் பாதி சரி.

டேவிட் மெக்லெலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960-களில் நம் பக்கத்து ஆந்திராவுக்கு, காக்கிநாடாவுக்கு வந்தார். அந்த ஊர் சிறு வியாபாரிகளை, பரம்பரைக் கோடீஸ்வரர்களை அல்ல, சாதாரணக் கடைக்காரர்களையும் பட்டறைக்காரர்களையும், சேர்த்துப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். பயிற்சிக்கு வந்தவர்கள் அடுத்து வந்த ஆண்டுகளில் மற்றவர்களைவிட அதிகமாகப் புது முயற்சிகளில் இறங்கினார்கள். இந்த ஆராய்ச்சிகளில் அவர் ஒரு விளையாட்டைப் பயன்படுத்துவார். நம் மாரியம்மன் நோம்பிக் கடைகளில் சோப்பு டப்பாமேல் வளையம் எறிவோமே, அதேதான். நட்டு வைத்த குச்சியில் வளையத்தை மாட்ட வேண்டும், எங்கே நின்று எறிவது என்பது அவரவர் இஷ்டம். சிலர் குச்சிக்குப் பக்கத்திலேயே நின்று தப்பாமல் போடுவார்கள். சிலர் அரங்கத்தின் அந்தக் கோடிக்குப் போய்க் கண்ணை மூடி எறிவார்கள். சாதிக்கும் ஆசை நிஜமாகவே உள்ளவர்கள் நடுவில் நிற்பார்கள்: தவறவும் கூடும், முயன்றால் விழவும் கூடும் என்கிற தூரத்தில்.

உங்களைக் கோடியில் போய் நிற்கச் சொல்கிறார் பயிற்சி கொடுத்தவர். எறியவே வேண்டாம் என்கிறார் அப்பா. 35 பேர் கேட்கும் டீ-ஷர்ட்தான் எனக்குத் தெரிந்து நடுத் தூரம்.

மனப்பான்மைப் பயிற்சி என்றாலே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆப்பிரிக்காவில் டோகோ என்ற சின்ன நாட்டில் 1,500 சிறு தொழில்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்குக் கணக்கு, விற்பனை, நிதி என்று வழக்கமான பாடம். இன்னொரு குழுவுக்குத் தானாக முன்வந்து செயல்படும் மனப்பாங்கில் பயிற்சி. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. எதுவும் பெறாதவர்களோடு ஒப்பிட்டால் மனப்பாங்குக் குழுவின் லாபம் 30 சதவீதம் கூடியிருந்தது. வழக்கமான பாடம் படித்தவர்களுக்கு 11 சதவீதம்தான், அதுவும் தற்செயல் என்று தள்ளிவிடக் கூடிய அளவு. 2017-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இது.

ஆனால் அங்கே சொல்லிக்கொடுத்தது என்ன? யாரும் சொல்வதற்கு முன் நீங்களாகச் செய்யக்கூடியது எது, பக்கத்துக் கடையிலிருந்து உங்கள் கடை எதில் வேறு, எந்த இடத்தில் தடங்கல் வரும், வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கேட்டுப் பழக்கினார்கள். படித்ததை அவரவர் கடையிலேயே செய்து பார்க்க வைத்தார்கள். உங்களுக்கு என்ன நடந்தது? கண்ணாடி முன் நின்று "நான் கோடீஸ்வரன்" என்று 21 நாள் சொல்லச் சொன்னார்கள். சொன்னதில் தப்பில்லை, செலவும் இல்லை. (ஒன்றைக் கவனித்தீர்களா? 12,000-க்கு ஒரு சின்னச் சரக்கை விற்று, வாங்கியவர்களில் யார் 60,000-க்கு வருவார்கள் என்று பார்க்கிறாரே, அந்த அரங்கில் தொழில் புத்தியோடு இருந்தவர் மேடையில் நின்ற அவர் ஒருவர்தான்.)

அப்பாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்

அப்பா சோமனூர்ப் பக்கம் நாலு விசைத்தறி வைத்துக் கூலிக்கு நெசவு செய்து, கட்டுப்படியாகாமல் தறியை எடைக்குப் போட்டவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எப்படி "நமக்கு அந்தப் புத்தி கிடையாது" என்கிறார்? நாலு தறி, ஆள் கூலி, கரண்டு பில், நூல் தேய்மானம் என்று இருபது வருஷம் ஓட்டிய மனிதர் தொழில்காரர் இல்லையா? அவரிடம் இருப்பது பயந்த புத்தி இல்லை தம்பி, அடிபட்ட அனுபவம். ஒருநாள் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "கடைசி வருஷம் எத்தனை பேர்கிட்ட பாவு வாங்கி ஓட்டுனீங்க?" ஒருவர் அல்லது இருவர் என்றுதான் பதில் வரும் என்று நினைக்கிறேன். பாவு (தறியில் ஏற்றும் நூல்) கொடுப்பவர் கூலியைக் குறைத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், நிறுத்தினால் தறியை நிறுத்த வேண்டும்.

இப்போது உங்கள் பத்து பவர் டேபிளைப் பாருங்கள். ஏற்றுமதியாளர் துணியை வெட்டி அனுப்புவார், நீங்கள் பீஸ் ரேட்டுக்குத் தைத்துக் கொடுப்பீர்கள். பாவுக்குப் பதிலாகக் கட்டிங் பண்டல். 2025-ல் உங்கள் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்ததும் முதலில் எதை நிறுத்தியிருப்பார்கள்? சொந்த லைனையா, வெளி ஜாப் ஒர்க்கையா? மேனேஜராக நீங்களே போன் போட்டு "இந்த வாரம் பண்டல் இல்லைங்க" என்று யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள். அந்த போனை எடுப்பவராக 18 லட்சம் முதலீட்டோடு மாறத்தான் இப்போது திட்டம் போட்டிருக்கிறீர்கள்.

நஷ்டத்திலிருந்து தொடங்கும் கணக்கு

வர்ஜீனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சரஸ் சரஸ்வதி, இந்தியாவில் பிறந்தவர், அனுபவம் முதிர்ந்த 27 தொழில்முனைவோரிடம் ஒரே மாதிரியான தொழில் பிரச்சினைகளைக் கொடுத்து, அவர்கள் யோசிக்கும்போதே வாய்விட்டுச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தார். அவர் சொல்லும் சமையல் உதாரணம் நம் வீட்டுக்கு அப்படியே பொருந்தும். ஒரு சமையல், மெனு போட்டு, பட்டியல் எழுதி, கடைக்குப் போய் வாங்கி வந்து செய்வது. இன்னொன்று, ராத்திரி எட்டு மணிக்கு விருந்தாளி வந்துவிட்டால் ஃபிரிட்ஜைத் திறந்து இருக்கிறதை வைத்து ஒப்பேற்றுவது. தேர்ந்த தொழில்காரர்கள் இரண்டாவது வகையாகத்தான் யோசித்தார்கள். 'இதில் எவ்வளவு வரும்' என்று ஆரம்பிக்கவில்லை. 'இதில் எவ்வளவு போனால் தாங்குவேன்' என்று ஆரம்பித்தார்கள்.

உங்களால் தாங்கக்கூடிய தொகை எவ்வளவு என்று நான் கணக்குப் போடத் தேவையே இல்லை, நீங்களே சொல்லிவிட்டீர்கள்: 60,000. அடுத்த கட்டப் பயிற்சிக்குக் கொடுக்கத் துணிந்த தொகை. அது திரும்பி வராது என்று தெரிந்தேதான் கொடுக்க இருந்தீர்கள். அதற்கு மேல் ஒரு ரூபாயும் இப்போதைக்கு வேண்டாம்.

கடிதத்தில் நீங்கள் சொல்லும் கவின்கேர் சி.கே. ரங்கநாதன் கதையையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். "அவர் 15,000 ரூபாயில் ஆரம்பித்தார், நான் 18 லட்சத்துக்குப் பயப்படலாமா?" என்கிறீர்கள். 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாக வந்தார் என்பது சரி. ஆனால் கடலூரில் ஷாம்பூவைச் சாஷே என்ற சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்ற சின்னி கிருஷ்ணனின் மகன் அவர். அண்ணன்களின் வெல்வெட் ஷாம்பூ தொழிலுக்குள் இருந்துவிட்டு வந்தவர். கையில் 15,000 இருந்ததோ இல்லையோ, ஒரு சாஷே எப்படி உருவாகி எப்படிப் பெட்டிக்கடையில் தொங்குகிறது என்ற அறிவு வீட்டிலேயே இருந்தது. அந்தத் தொகையைத் துணிச்சலுக்கு உதாரணமாகச் சொல்கிறோம். எனக்கென்னவோ அளவாக இறங்கியதற்கு உதாரணமாகத்தான் படுகிறது.

அந்த மாதிரி அறிவு உங்களிடமும் இருக்கிறது. எந்தத் துணி சுருங்கும், காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காதபடி அழுத்தி எடுப்பது) சரியாகச் செய்யாவிட்டால் என்ன ஆகும், எந்தச் சாயம் துவைப்பில் நிற்கும், துவைத்த பிறகு சைடு தையல் ஏன் முறுக்கிக்கொள்கிறது என்பதெல்லாம் 14 வருஷமாக வெளிநாட்டு பையருக்குப் பதில் சொல்லிப் பழகியவர் நீங்கள். பள்ளிக்கு 340 ரூபாய் டீ-ஷர்ட் கொடுப்பவருக்கு அது தெரியாது, அல்லது கவலையில்லை.

அந்த 60 டீ-ஷர்ட்டில் நீங்கள் போட்ட கணக்கு

ஒரு பீசுக்கு 15 ரூபாய், 60 பீசுக்கு 900 ரூபாய் லாபம் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில் வேறு எதையோ சொல்லும்போது, துணி எடுக்கவும் தைத்ததைக் கொண்டுவரவும் ஆட்டோவுக்கு 700 ஆனதாகச் சொல்கிறீர்கள். நாலு பீஸ் அளவு மாறி மறுபடி தைத்தீர்கள், அது 660. ஆக 900 லாபம் போய் 460 நஷ்டம். நாலு ஹவுஸ் கலருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயம் போட முடியாது என்பதால் சாயம் போட்ட துணியைச் சில்லறையில் எடுத்தீர்கள். மிச்சத் துணி இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது, அதன் விலையை எங்குமே சேர்க்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கூலி போடவில்லை. 11 பேர் ஒரு மாதம் கழித்துப் பணம் கொடுத்தார்கள்.

இதைப் படித்து மனம் தளர வேண்டாம். 460 ரூபாய்க்கு எனக்குத் தெரிந்து இவ்வளவு மலிவாக யாரும் சந்தையைப் படித்ததில்லை. உங்களுக்குக் கிடைத்த விவரங்கள் இவை: விலை தப்பு, அளவு எடுத்த முறை தப்பு, சரக்கு சரி. 60-ல் 35 பேர் யாரும் விளம்பரம் செய்யாமல் திரும்ப வருகிறார்கள் என்றால் சரக்கு சரி. 240 ரூபாய் சொல்லியிருந்தாலும் பெற்றோருக்கு 100 ரூபாய் மிச்சம்தானே?

அடுத்த சுற்றில் 300 பீஸ் பாருங்கள். 165 அடக்கத்தில் 49,500, மீதி ஆட்டோவுக்கும் தப்பு தையலுக்கும். மெஷின் வேண்டாம், தைத்துக் கொடுக்கப் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார்கள், காஜா பட்டனுக்கும் செக்கிங்குக்கும் நீங்கள் போனால் போதும். பாதிப் பணம் முன்னால் வாங்காமல் துணியை வெட்டாதீர்கள். ஒரு பள்ளியோடு நிற்காதீர்கள். அப்பாவின் பாவுக் கதை இங்கேயும் பொருந்தும். பெரிய பள்ளிகளில் சீருடை விற்பனையே நிர்வாகத்துக்கு ஒரு வருமானம். கமிஷன் பேசுவார்கள், உள்ளே ஏற்கெனவே ஓர் ஆள் இருப்பார். இருநூறு முந்நூறு பிள்ளைகள் படிக்கும் சின்னப் பள்ளி, சிலம்பம், கராத்தே வகுப்பு, கபடிக் குழு என்று பாருங்கள். கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் வள்ளி கும்மிக் குழு முளைத்திருக்கிறதே, அத்தனை பேரும் ஒரே கலரில்தானே ஆடுகிறார்கள்? இது என் ஊகம்தான், இரண்டு ஆசிரியர்களிடம் நீங்கள் பேசிப் பார்த்தால் என் ஊகத்தைவிட நல்ல தகவல் கிடைக்கும்.

மனைவி வேலை செய்யும் பள்ளியில் மட்டும் கவனம். தாளாளருக்குத் தெரியாமல் பெற்றோரிடம் விற்பது அவருடைய வேலைக்கு உலை வைக்கும். போன வருஷம் உதவியாகப் போனது இந்த வருஷம் வியாபாரமாகத் தெரியும். சொல்லிவிட்டுச் செய்யுங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பள்ளியை விட்டுவிடுங்கள்.

வேலையை விடலாமா?

இப்போது வேண்டாம். திரும்பும் வழியை அடைத்தால்தான் வேகம் வரும் என்பது கேட்க வீரமாக இருக்கும். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களின் வேலை வரலாற்றை வைத்து 2014-ல் வந்த ஓர் ஆய்வில், வேலையில் இருந்துகொண்டே தொழிலைத் தொடங்கி அப்புறம் முழுநேரத்துக்கு மாறியவர்கள், வேலையை விட்டுவிட்டுத் தொடங்கியவர்களைவிட மூட்டை கட்டும் வாய்ப்பு 33 சதவீதம் குறைவு என்று தெரிந்தது. சம்பளம் வரும்போது மோசமான ஆர்டரை "வேண்டாம்" என்று சொல்ல முடிகிறது. முதல் தேதி இ.எம்.ஐ. நெருக்கும்போது எந்த ரேட்டுக்கும் தலையாட்டுவோம். எனக்குத் தோன்றும் காரணம் இது.

வயதைப் பற்றிய கவலைக்கு ஒரே வரி: அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த புது நிறுவனங்களை ஆரம்பித்தவர்களின் சராசரி வயது 45. உங்களுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது.

ஆனால் வேலையில் இருந்துகொண்டு செய்வதில் ஓர் ஆபத்து உண்டு. நியமனக் கடிதத்தை எடுத்து நிதானமாகப் படியுங்கள். வேலையை விட்ட பிறகு இதே தொழில் செய்யக் கூடாது என்று போட்டிருந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 27-வது பிரிவின்படி அது பொதுவாகச் செல்லாது. வேலையில் இருக்கும்போது வேறு தொழில் செய்யக் கூடாது என்று இருந்தால் செல்லும், அதைக் காட்டி நீக்கவும் முடியும். ஏற்றுமதியும் பள்ளி டீ-ஷர்ட்டும் வேறு வேறு என்பதால் முதலாளியிடம் சொல்லி எழுத்தில் அனுமதி வாங்குவது நல்லது. கம்பெனி நேரம், கம்பெனி கட்டிங் மாஸ்டர், பையர் விவரம், பில் இல்லாத சர்பிளஸ் துணி எதிலும் கை வைக்காதீர்கள். அந்தத் துணி மலிவு என்று ஒரு ரோல் எடுத்தால் 14 வருஷப் பெயர் போய்விடும்.

நகை, பி.எஃப்., நண்பர்

"மனைவி ஒன்றும் சொல்லவில்லை, சம்மதம்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாண வீட்டில் வேண்டுமானால் மௌனம் சம்மதமாக இருக்கலாம், அடகுக் கடையில் வேண்டாம். அந்த 28 பவுன் ஸ்ரீதனம், முழுக்க அவருடைய சொத்து. நெருக்கடியில் கணவர் பயன்படுத்திக்கொண்டாலும் திருப்பிக் கொடுக்கும் கடமை அவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024-லும் சொல்லியிருக்கிறது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். அந்த 35 பெற்றோர் யார், யார் பணம் தாமதமாகக் கொடுத்தார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். இந்த வீட்டில் சந்தையைப் பற்றி அதிகம் தெரிந்தவரிடம் நகையை மட்டும் கேட்டிருக்கிறீர்கள்.

பி.எஃப்.-ஐத் தொடாதீர்கள். அந்தக் கணக்கில் இருக்கும்வரை எந்தக் கடன்காரரும் அதை ஜப்தி செய்ய முடியாதபடி சட்டம் காக்கிறது. எடுத்து மெஷினில் போட்ட நிமிஷத்திலிருந்து அந்தக் காவல் இல்லை.

நண்பரோடு வாய்ப் பேச்சில் கூட்டு வேண்டாம். வாய்ப்பேச்சும் சட்டப்படி கூட்டுதான், அதுதான் ஆபத்தே. அவர் தொழில் பெயரில் வாங்கும் கடனுக்கு உங்கள் வீடும் பொறுப்பு. ஆனால் பதிவு செய்யாத கூட்டு என்றால் பணம் தராத பார்ட்டிமேல் வழக்குப் போட முடியாமல் தவிப்பீர்கள். 300 டீ-ஷர்ட்டுக்குக் கூட்டாளி தேவையும் இல்லை.

பின்னால் கடன் வேண்டும் என்றால்

வங்கி பிணை இல்லாமல் தராது என்ற எண்ணத்தில்தான் நகையைத் தேடிப் போனீர்கள். குறு, சிறு தொழில்களுக்குக் குறைந்தது 10 லட்சம் வரையாவது பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 20 லட்சம் வரை என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். 10 லட்சத்துக்கு மேல் உள்ள பகுதி, முன்பு முத்ராவில் வாங்கி ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு. புதியவருக்கு 10 லட்சம்தான் எல்லை. தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு மூலதன மானியம் உண்டு. உங்கள் தகுதியையும் வயது வரம்பையும் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு ஆதாரை வைத்து இலவசமாகச் செய்யலாம், ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் இணையதளங்களில் மாட்டாதீர்கள். தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்றால் வருஷ விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் கட்டாயம்.

என் பழைய நாற்காலியில் இருந்து பார்த்துச் சொல்கிறேன்: விதி இருந்தும் கிளையில் தட்டிக்கழிப்பார்கள். அப்போது உதவுவது திட்ட அறிக்கை இல்லை. இரண்டு சீசன் பணம் வந்து போன வங்கிக் கணக்கும், மூன்று பள்ளிகள் முத்திரை வைத்துக் கொடுத்த ஆர்டர் கடிதமும் மேஜைமேல் இருந்தால் மேனேஜர் டீ சொல்லுவார். அன்றைக்கு மெஷினைப் பற்றிப் பேசலாம்.

ஒரு சீசன் முழுக்க ஓட்டி, நீங்கள் உங்களுக்கே கூலி போட்டுக்கொண்ட பிறகும் லாபம் நின்று, வாங்குபவர்கள் நாலைந்து இடத்தில் இருந்தால், வேலையை விடுவது பற்றி எழுதுங்கள். 60,000 தீர்ந்து ஆர்டர் வரவில்லை என்றால் நிறுத்திவிட்டு எழுதுங்கள்.

கடைசியாக, அந்த 5,000 முன்பணம். பயிற்சி இன்னும் தொடங்கவில்லை என்கிறீர்கள். போனில் கேட்டால் பணத்தைப் பற்றிப் பேசாமல் மறுபடி உற்சாகம் ஊட்டுவார்கள். அதனால் ரசீது எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் திருப்பிக் கேளுங்கள். பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். கிடைத்தால் முப்பது டீ-ஷர்ட்டின் அடக்கத்துக்கு ஆகும்.